காற்றின் எடை

ஒரு லிட்டர் டீசலை மிச்சமில்லாமல் எரிக்க ஏறக்குறைய 12 கிலோ காற்று வேண்டும். டீசலுக்குப் பெட்ரோல் பங்கில் காசு கொடுக்கிறோம், ரசீது வாங்குகிறோம், மைலேஜ் பார்க்கிறோம். அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் எடையுள்ள காற்றை என்ஜின் தானாக இழுத்துக்கொள்வதால் அதற்கு மட்டும் கணக்கு வைப்பதில்லை. ஆனால் அந்தக் காற்று எல்லா இடத்திலும் எல்லா வேளையிலும் ஒரே எடையில் கிடைப்பதில்லை. சித்திரை மத்தியானத்தில், 40 டிகிரி வெயிலில், திண்டுக்கல் மாவட்டத்துக் குஜிலியம்பாறை கடைத்தெருவில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.09 கிலோ எடை இருக்கும். மார்கழி விடியலில் 20 டிகிரிக்கு இறங்கும்போது அதே கடைத்தெருவில் 1.17 கிலோ. அதே திண்டுக்கல் மாவட்டத்தின் இன்னொரு மூலையில், 2,100 மீட்டர் உயரத்தில், கொடைக்கானல் ஏரிக்கரையில், 10 டிகிரி குளிரில் 0.97 கிலோதான். ஒரே மாவட்டத்துக்குள் காற்றின் எடையில் ஆறில் ஒரு பங்கு வித்தியாசம்.

இந்த ஆறில் ஒரு பங்கு சின்ன விஷயமில்லை. நம் வண்டிகளுக்கும் ஜெனரேட்டர்களுக்கும் இவ்வளவு குதிரைத்திறன், இவ்வளவு புகை என்று எழுதித் தரப்படும் சான்றுகள் எல்லாம் ஏதோ ஒரு காற்றில் அளந்து எழுதப்பட்டவை. என்ஜின் திறனுக்கான ஐஎஸ்ஓ 3046 தரநிலை 25 டிகிரி வெப்பம், 100 கிலோபாஸ்கல் அழுத்தம், 30 சதவீத ஈரப்பதம் என்று அந்தக் காற்றை வரையறுக்கிறது. குஜிலியம்பாறையின் மே மாதமும் அதில் அடங்காது, கொடைக்கானலின் எந்த மாதமும் அடங்காது. அந்த இடைவெளியில் கிளம்பும் புகையை மூச்சில் வாங்குகிறவர்கள் நாம்தான்.

டீசல் என்ஜினுக்குத் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் காற்றைப் பதினாறு, பதினெட்டு மடங்கு நெருக்கினால் அது 500 டிகிரியைத் தாண்டிச் சூடாகிறது. அந்தச் சூட்டில் நாசில் பீய்ச்சும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. பழைய என்ஜின்களில் டீசல் பம்ப், டிரைவர் மிதித்த அளவுக்கு டீசலைத் தள்ளிவிடும். உள்ளே காற்று எவ்வளவு வந்திருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. காற்று போதாவிட்டால் எரியாத கரி கரும்புகையாக வெளியே வரும். காசு கொடுத்து வாங்கிய டீசலில் ஒரு பகுதி சக்கரத்துக்குப் போகாமல் பின்னால் நடந்து வருகிறவரின் நெஞ்சுக்குள் போகிறது என்பதே இதன் பொருள்.

உயரமும் வெப்பமும் காற்றை மெலியச் செய்வதில் ஒன்றுபோலத் தெரிந்தாலும், என்ஜினை வேறு வேறு விதமாகப் படுத்துகின்றன. சமவெளியின் சூட்டில் ஒவ்வொரு மூன்று டிகிரிக்கும் காற்றின் எடை சுமார் ஒரு சதவீதம் குறைகிறது. கூடவே, சூடாக உள்ளே போகும் காற்று தீயின் உச்ச வெப்பத்தையும் ஏற்றிவிடுவதால் நைட்ரஜன் ஆக்சைடுகள் கூடுகின்றன. மலையில் ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் ஒரு சதவீதம்போல எடை குறைகிறது. அங்கே நெருக்கிய காற்றின் அழுத்தமே குறைவு என்பதால் டீசல் பற்றத் தாமதமாகிறது. காலைக் குளிரில் ஸ்டார்ட் செய்தால் பற்றாத டீசல் வெள்ளைப் புகையாக வரும், ஏற்றத்தில் மிதித்தால் கரும்புகை. கார்பன் மோனாக்சைடும் கரித்துகளும் உயரத்தில் கூடுகின்றன என்பதில் ஆய்வுகள் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. நைட்ரஜன் ஆக்சைடு என்ஜினுக்கு என்ஜின் வேறுபடுகிறது. ஒரு ஆறுதல், கொடைக்கானலின் குளிர். அங்கேயும் 40 டிகிரி வெயில் அடித்தால் காற்றின் எடை 0.88 கிலோவுக்கு இறங்கிவிடும். உயரம் பறித்ததில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் குளிர் திருப்பித் தந்துவிடுகிறது.

ருடால்ஃப் டீசலின் என்ஜின் 1897 பிப்ரவரியில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் முன்னிலையில் சோதிக்கப்பட்டது. எரிபொருளின் ஆற்றலில் 26.2 சதவீதத்தை வேலையாக மாற்றிக் காட்டியது. நல்ல நீராவி என்ஜின்களே பத்துப் பன்னிரண்டு சதவீதத்தில் நின்ற காலம் அது. ஐரோப்பியக் குளிர்காலத்தில் பிறந்த இந்த எந்திரம் மலைக்கும் பாலைக்கும் போனபோதுதான் காற்றின் பிரச்சினை முன்னுக்கு வந்தது. சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூஹி, புகைபோக்கியில் வீணாகும் வேகத்தைக் கொண்டே காற்றை நெருக்கி உள்ளே தள்ளும் டர்போவுக்கு 1905-இல் காப்புரிமை பெற்றார். 1918-இல் பொறியாளர் சான்ஃபோர்ட் மாஸ் அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலைக்கு, 14,000 அடி உயரத்துக்கு, லிபர்ட்டி என்ற விமான என்ஜினை லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் ஓட்டினார். கடல்மட்டத்தில் 350 குதிரைத்திறன் தந்த அது மலையுச்சியில் 230 தான் தந்தது. டர்போ பூட்டியதும் 356 ஆனது. அது பெட்ரோல் என்ஜின்தான். ஆனாலும் அந்தச் சோதனையில் எனக்குப் பெரிதாகப் படுவது, மலையில் ஓட வேண்டியதை மலைக்கே கொண்டுபோய் அளந்த நேர்மை. நூறாண்டு கழித்தும் நம் பக்கத்தில் அது வழக்கமாகவில்லை.

நம் மலைக்கு வருவோம். 1875-இல் அம்மையநாயக்கனூருக்கு ரயில் வந்தது. அந்த நிலையத்துக்குத்தான் இன்று கொடைக்கானல் ரோடு என்று பெயர். அங்கே இறங்கி மாட்டுவண்டியில் பெரியகுளம் போய், மலையடிவாரத்திலிருந்து டோலியிலும் குதிரையிலும் ஏறினார்கள். 1899-இல் சென்னையிலிருந்து வானாய்வு மையத்தை வானியலாளர் மைக்கி ஸ்மித் கொடைக்கானலுக்குக் கொண்டுவந்தார். 2,343 மீட்டர் உயரத்தில், சூரியனைப் பார்ப்பதற்குக் குறுக்கே நிற்கும் காற்று மெலிந்திருக்கும் இடம் என்பதாலேயே அது தேர்வானது. 1909-இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டது அங்கேதான். சூரிய ஆய்வுக்கு வரமாக இருந்த அதே மெலிந்த காற்று, முதல் உலகப் போர்க் காலத்தில் மலைச்சாலை திறந்து மோட்டார் வண்டிகள் ஏறத் தொடங்கியதும் டிரைவர்களுக்குச் சோதனையானது.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது மதுரையில் டி.வி.எஸ். நிறுவனம் கரிவாயுக் கருவியைத் தயாரித்துப் பேருந்துகளில் மாட்டியது. அடுப்புக்கரியைப் புகைத்து எடுத்த வாயுவில் பெட்ரோலின் சக்தி கிடைக்காது. சமவெளியிலேயே மூன்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும் போய்விடும். அதற்குப் பின் வந்த டீசல் வண்டிகள் பெரிய விடுதலையாக இருந்திருக்க வேண்டும். 1954-இல் டாடா மெர்சிடஸ் லாரிகளும், 1955-இல் அசோக் லேலண்ட் என்ற பெயரைப் பெற்ற எண்ணூர் ஆலையின் லேலண்டுகளும் வந்தன. அவற்றின் என்ஜின்களுக்கு அப்போது டர்போ கிடையாது. வெளிக்காற்று என்ன அழுத்தத்தில் இருக்கிறதோ அதுதான் அவற்றின் மூச்சு.

டிரைவர்கள் இதை அறிவியலாகப் படிக்கவில்லை, காதால் படித்தார்கள். வத்தலக்குண்டு தாண்டிக் காமக்காபட்டியில் ஏற்றம் தொடங்கும்போது மூன்றாவது கியரில் இழுத்த வண்டி, டம்டம் பாறைக்கு மேலே அதே மிதிக்குத் திணறும். அனுபவமுள்ளவர் அந்த இடத்தில் மேலும் மிதிக்க மாட்டார். மிதித்தால் புகைதான் கூடும், வேகம் கூடாது என்று அவருக்குத் தெரியும். கியரைக் குறைத்து என்ஜினைச் சுழலவிடுவார், ஒரு நிமிடத்துக்கு உள்ளே போகும் காற்று கூடும். மேலே போகப் போகத் தண்ணீரின் கொதிநிலையும் இறங்குகிறது. கொடைக்கானல் உயரத்தில் சுமார் 93 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். மூடி சரியாக அழுத்திப் பிடிக்காத பழைய ரேடியேட்டர்கள் பெருமாள்மலை வருவதற்குள் ஆவி கக்கியதும், கிளீனர் வாளியோடு ஓடையைத் தேடியதும் இதனால்தான். டீசல் பம்பைச் சமவெளிக்கு ஏற்ப டைட்டாக செட்டிங் செய்த லாரி வெள்ளி நீர்வீழ்ச்சி வளைவில் விட்ட கருமை, பக்கத்துப் பாறைகளில் படிந்திருந்ததை அந்த வழியில் போன தலைமுறை பார்த்திருக்கிறது.

மலைக் கதை கண்ணுக்குத் தெரியும். சமவெளியின் கதை கிணற்றுக்குள் நடந்தது, அதனால் அதிகம் எழுதப்படவில்லை. குஜிலியம்பாறை, வேடசந்தூர் வட்டாரங்கள் வானம் பார்த்த பூமி. கமலை இறைத்த கிணறுகளுக்கு ஆயில் என்ஜின் வந்தது. 1946-இல் புனேயில் தொடங்கிய கிர்லோஸ்கர் ஆயில் என்ஜின்ஸ் போன்ற நிறுவனங்களின் ஐந்து குதிரைத்திறன் என்ஜினும், அதோடு பெல்ட் போட்ட பம்பும். பம்ப் மேலிருந்து தண்ணீரை உறிஞ்சும் ஆழத்துக்கு ஒரு வரம்பு உண்டு. காற்றின் அழுத்தம்தான் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளுகிறது. கணக்குப்படி பத்து மீட்டர், நடைமுறையில் ஆறு ஏழு மீட்டர். கிணற்றில் தண்ணீர் அதற்குக் கீழே இறங்கியபோது விவசாயிகள் கிணற்றுச் சுவரில் பாறையை வெட்டி ஒரு திட்டு அமைத்து, என்ஜினையே உள்ளே இறக்கினார்கள். தண்ணீர் இன்னும் இறங்கினால் திட்டும் இன்னும் கீழே.

அந்தத் திட்டில் நின்று ஹேண்டில் போட்டு ஓட்டியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கிணற்றுக்குள் காற்று ஓட்டம் கிடையாது. புகைக்குழாயை மேலே நீட்டியிருந்தாலும் இணைப்புகளில் கசியும். என்ஜின் தன் சூட்டிலேயே சூடான காற்றையும், தன் புகை கலந்த காற்றையும் திரும்ப இழுக்கும். மதியம் வரை இறைத்தால் ஓசை மாறும், தண்ணீர் விழும் தடிமன் குறையும், கண் எரியும். 25 டிகிரிக்கு ஐந்து குதிரைத்திறன் என்று தகட்டில் பொறித்திருப்பது அந்த 45 டிகிரிப் புழுக்கத்தில் எவ்வளவு ஆனது என்று அளக்க யாரும் இறங்கி வந்ததில்லை. 1990-இல் விவசாய மின்சாரம் இலவசமானதும், பிறகு போர்வெல்லும் சப்மெர்சிபிளும் பரவியதும் கிணற்று என்ஜின்களை ஓய்வுக்கு அனுப்பின. அந்தப் புகையில் எத்தனை பேரின் இளமைக்கால நுரையீரல் கெட்டது என்பதற்கு ஒரு காகிதம்கூட இல்லை என்பது என்னை உறுத்துகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியாக வகைப்படுத்தியதே 2012 ஜூனில்தான்.

இந்த வட்டாரத்துக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு, தூசி. கரிக்காலியில் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலையும் இருக்கின்றன. சாலையோரப் புளியமரங்களின் இலைகள் கோடையில் வெளுத்திருக்கும். லாரி பட்டறையில் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தரையில் தட்டினால் மாவு கொட்டுவதுபோல் கொட்டும். அடைத்த ஃபில்டர் வழியாகக் காற்றை இழுக்க என்ஜின் கூடுதலாக உறிஞ்ச வேண்டும். கனரக வண்டிகளில் ஃபில்டரை மாற்றச் சொல்லும் எல்லை பொதுவாக 6 கிலோபாஸ்கல் தடை. அது எவ்வளவு என்று புரிய உயரக் கணக்குக்கு மாற்றிப் பார்க்கலாம். 6 கிலோபாஸ்கல் அழுத்தம் குறைய அரை கிலோமீட்டர் மலை ஏற வேண்டும். அதாவது அடைத்த ஃபில்டரோடு கரிக்காலியிலிருந்து கிளம்பும் லாரி, சமவெளியில் ஓடிக்கொண்டே மலைமேல் ஓடுகிற என்ஜினாகிவிடுகிறது. அதோடு மே மாத வெயிலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்துக் கரூர் பரமத்தி, மாநிலத்தின் அதிக வெப்பப் பட்டியலில் கோடைக்குக் கோடை இடம்பிடிக்கும் ஊர்.

வேடசந்தூர் சுற்றிலும் உள்ள நூற்பாலைகள் இதை இன்னொரு வழியில் கற்றுக்கொண்டன. 2008-இலிருந்து ஏழெட்டு வருடம் தமிழ்நாட்டை மின்வெட்டு வாட்டியது. 2012-இல் சென்னைக்கு வெளியே நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்கள் இருந்தன. ஆலைகள் ஜெனரேட்டரில் ஓடின. அறைக்குள் பூட்டிய ஜெனரேட்டர், காற்றோட்டம் சரியில்லாத கொட்டகை, வெளியே 40 டிகிரி, உள்ளே அதற்கும் மேல். தகட்டில் உள்ள கேவிஏ முழுவதையும் எதிர்பார்த்து லோடு ஏற்றினால் டீசல் கூடுதலாகக் குடிக்கும், சூடேறி நின்றுவிடும். ஜெனரேட்டர் அறையின் சுவரில் எதிரெதிரே பெரிய ஜன்னல் விட்டு, ரேடியேட்டர் காற்றைத் தகரக் குழாயில் வெளியே தள்ளியவர்கள் மாதாமாதம் டீசல் பில்லில் பலனைப் பார்த்தார்கள். ஜெனரேட்டர்களுக்கு 2023 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய புகை விதிகள் முன்னைவிடக் கடுமையானவை, நல்லது. ஆனால் ஏற்கெனவே பூட்டியிருக்கும் பழைய ஜெனரேட்டர்கள் இன்னும் பல வருடம் ஓடும்.

வண்டிகளின் விதிகளும் வளர்ந்துதான் வந்திருக்கின்றன. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 6, சுருக்கமாகப் பிஎஸ் 6. டீசலில் கந்தகம் 50 பிபிஎம்மிலிருந்து 10-க்கு இறங்கியது. கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டியும், நைட்ரஜன் ஆக்சைடை முறிக்க யூரியாக் கரைசலும் வந்தன. டர்போ, இன்டர்கூலர், காற்றழுத்தத்தை உணரும் சென்சார் ஆகியவற்றால் புதுப் பேருந்துகள் மலை ஏறும்போது பழைய கரும்புகை இல்லை. இது பெரிய முன்னேற்றம், மனதாரப் பாராட்ட வேண்டியது. ஆனாலும் உயரத்தில் டர்போவுக்குச் சுழற்சி வரம்பு உண்டு. இறக்கத்தில் டீசலே எரியாமல் என்ஜின் பிரேக்கில் நெடுநேரம் வரும் வண்டியின் வினையூக்கி ஆறிவிடும், ஆறினால் யூரியா வேலை செய்யாது. புதிய கருவிகள் வெப்பமும் உயரமும் தரும் பிரச்சினையைத் தீர்த்துவிடவில்லை, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு நகர்த்தியிருக்கின்றன.

கண்ணுக்குத் தெரியாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை ஐரோப்பா கசப்பாகக் கற்றது. 2015-இல் வெடித்த ஃபோக்ஸ்வாகன் புகைச்சோதனை மோசடி விவகாரத்துக்குப் பிறகு, திருத்தம் என்று சொல்லிப் போடப்பட்ட மென்பொருளைப் பற்றியே ஆஸ்திரிய நீதிமன்றங்கள் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றத்துக்குக் கேள்வி அனுப்பின. வெளி வெப்பம் 15-க்கும் 33-க்கும் இடையில் இருந்து, உயரம் 1,000 மீட்டருக்குக் கீழே இருந்தால் மட்டுமே புகைக் கட்டுப்பாடு முழுதாக வேலை செய்யும்படி அது எழுதப்பட்டிருந்தது. 2022 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உச்ச நீதிமன்றம், அப்படிப்பட்ட மென்பொருள் தடை செய்யப்பட்ட தந்திரக் கருவியே என்று தீர்ப்பளித்தது. அந்த 33-ஐயும் 1,000-ஐயும் திண்டுக்கல் வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். 33 டிகிரி என்பது குஜிலியம்பாறையில் ஆண்டின் பெரும்பகுதிப் பகல்களில் தாண்டப்படும் அளவு. 1,000 மீட்டரைக் கொடைக்கானல் பேருந்து பாதி வழியிலேயே தாண்டிவிடும். அப்படியொரு வண்டி இங்கே ஓடினால் கட்டுப்பாடு தூங்குகிற நேரமே அதிகமாக இருக்கும்.

நேர்மையாக எழுதப்பட்ட விதிகளிலும் இந்த ஓட்டை இருக்கிறது. ஐரோப்பாவின் யூரோ 6 விதிகளில் கார்களுக்கான சாலைச் சோதனை முதலில் 35 டிகிரியோடு முடிந்தது, உயரத்தில் 1,300 மீட்டரோடு முடிகிறது. கனரக வண்டிகளுக்கு 38 டிகிரியும், 825 மில்லிபார் அழுத்தமும், அதாவது ஏறக்குறைய 1,700 மீட்டரும் எல்லை. அதற்கு வெளியே ஓடிய ஓட்டம் கணக்கில் சேராது. கொடைக்கானலின் காற்றழுத்தம் சுமார் 790 மில்லிபார். இந்தியாவிலும் 2023 ஏப்ரல் முதல் கார்களைச் சாலையில் ஓட்டிப் புகை அளக்கும் சோதனை கட்டாயமாகியிருக்கிறது, வெப்ப எல்லையை நம் நாட்டுக்கு ஏற்ப உயர்த்தியும் இருக்கிறார்கள். உயரத்தைப் பொறுத்தவரை, ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் தினமும் ஏறுகிற வண்டிகளின் உண்மை ஓட்டம் விதியின் பார்வைக்குள் முழுதாக வர வேண்டும் என்று நாம் கேட்டாக வேண்டும்.

நம் ஊர்களில் குறித்த காலத்துக்கு ஒருமுறை எடுக்கும் புகைச் சான்றையும் சொல்ல வேண்டும். வண்டி நின்ற இடத்தில், லோடு இல்லாமல், ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்து விட்டுப் புகையின் அடர்த்தியைப் பார்க்கிறார்கள். பிஎஸ் 4-க்கு முந்தைய டீசல் வண்டிக்கு 65, பிஎஸ் 4-க்கு 50 என்பது எல்லை. காலை ஏழு மணிக்குக் குளிர்ந்த காற்றில் எடுத்த சான்று, மத்தியானம் முப்பது டன் கல்லோடு ஓடும் லாரியைப் பற்றி அதிகம் சொல்லாது.

கொடைக்கானலுக்கு வரும் வண்டிகளுக்குச் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் கேட்கிறார்கள். எத்தனை வண்டி என்று எண்ணத் தொடங்கியிருப்பது நல்ல தொடக்கம். எந்த வண்டி எவ்வளவு புகை என்பதும் அதோடு சேர வேண்டும். அதற்கான ஆட்களும் கருவிகளும் மாநிலத்திலேயே இருக்கின்றன. ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. வண்டியின் பின்னால் பூட்டி, ஓடும்போதே புகையை அளக்கும் கருவிகள் இப்போது புதியவையல்ல. புது வண்டி, பத்து வருடப் பழைய அரசுப் பேருந்து, சுண்ணாம்புக்கல் லாரி, போர்வெல் வண்டி என்று சிலவற்றைத் தேர்ந்தெடுத்து வருடத்துக்கு இரண்டு முறை, மே மாதமும் டிசம்பரும், அளந்து எண்களை ஊரறிய வெளியிட்டால் போதும். மே மாதம் பகல் பன்னிரண்டு மணிக்குக் குஜிலியம்பாறையில் அப்படிக் கருவி பூட்டிய ஒரு பேருந்து ஆட்களோடு கிளம்பினால், திண்டுக்கல், வத்தலக்குண்டு, காமக்காபட்டி வழியாக மாலைக்குள் கொடைக்கானல் போய்ச் சேரும். ஐரோப்பிய விதியின் வெப்ப எல்லைக்கு வெளியே தொடங்கி உயர எல்லைக்கு வெளியே முடியும் ஓட்டம் ஒரே நாளில் பதிவாகிவிடும்.